பிறந்தநாள் அன்று சிங்கப்பூரில் இருந்தால்...

அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர். காலண்டரைப் பார்த்தால், பயணத்தின் நடுவில் குட்டிக்கு இரண்டாவது பிறந்தநாள். 'அங்கேயே கொண்டாடிடலாம்' என்று வீடே குஷியாகிவிடும். ஆனால், கேக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது விமான டிக்கெட்டை.

இரண்டு வயது நிறையாத குழந்தை அம்மா மடியிலேயே பயணம் செய்யலாம், கட்டணமும் குறைவு. நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும்போது குழந்தைக்குத் தனி சீட் வேண்டும். கிளம்பும் நாளின் வயதுதான் கணக்கு என்று நினைத்து இரண்டு வழிக்கும் கைக்குழந்தை டிக்கெட் போட்டுவிட்டு, கடைசி நாளில் சாங்கி விமான நிலையத்தில் புதிதாக சீட் தேடினால், அந்த விலை பார்ட்டி செலவையே விழுங்கிவிடும். புக் செய்யும்போதே பிறந்த தேதியைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

இந்த வயதுக் கணக்கு நமக்குச் சாதகமாகவும் அமையும். மண்டாய் மிருகக்காட்சி சாலையில் மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. யுனிவர்சல் ஸ்டூடியோஸில் நான்கு வயதுக்குக் கீழே. மூன்றாவது பிறந்தநாளுக்கு முதல் நாளே யானையைப் பார்த்துவிட்டால் காசு மிச்சம். நம் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

பெட்டி கட்டும்போது மத்தாப்பு மெழுகுவத்தி வேண்டாம். விமானத்தில் அனுமதி இல்லை. ரிட்டர்ன் கிஃப்ட் பைகளில் பபுள் கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுபோக 1992 முதல் தடை. ஹோட்டல் அறையில் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன் ரிசப்ஷனில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. புகை அலாரம் அடித்தால், 'ஹேப்பி பர்த்டே' பாடவேண்டிய நேரத்தில் மொத்தப் பேரும் படிக்கட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

முட்டை சேர்க்காத கேக்தான் வேண்டுமென்றால் முன்னதாகவே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். மெட்ரோவில் கேக் பெட்டியை எடுத்துப் போகலாம். குழந்தை அழுகிறதே என்று ஒரு துண்டு ஊட்டிவிடாதீர்கள். ரயிலில் சாப்பிட்டால் 500 டாலர் வரை அபராதம்.

அன்றைய நாளை இடங்களால் நிரப்பாமல் இருந்தாலே பாதி வெற்றி. காலையில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு அர்ச்சனை. அதே சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் ஒரு தோசை. மதியம் ஹோட்டலில் தூக்கம். இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. தூங்காத குழந்தை, கேக் வெட்டும்போது கத்தியைத் தூக்கி எறியும். சாயங்காலம் கார்டன்ஸ் பை த பே. ராட்சத மரங்களில் விளக்குகள் பாட்டுக்கு ஏற்ப மின்னும் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும். கட்டணம் இல்லை. ஊரே தன் பிறந்தநாளுக்கு விளக்குப் போட்டதாகக் குழந்தை நம்பிக்கொள்ளும், திருத்த வேண்டாம்.

ஊரில் இருக்கும் தாத்தா, பாட்டிதான் பாவம். பேத்தியின் பிறந்தநாளில் அவர்கள் மட்டும் தள்ளி இருக்கிறார்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஏழு மணிக்குப் போன் போட்டால், இங்கே நாலரை. அதனால் கேக்கை அங்கே மாலை ஆறு மணிக்கு வெட்டலாம், இங்கே மூன்றரை. தாத்தா மதியத் தூக்கம் முடிந்து எழுந்திருப்பார். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, முதல் துண்டைத் திரையை நோக்கி நீட்டச் சொன்னால் போதும். பாட்டி வாயைத் திறந்து காட்டுவார். நெட் கொஞ்சம் மெதுவாக இருந்தால், குழந்தை அந்தத் துண்டைத் தானே தின்று முடித்த பிறகு!