“எழுதிக் கொடுங்க சார்”: ஓர் அதிகாரியின் நடுநிலை எதில் இருக்கு?

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகத் திருத்தப்பட்ட வடிவம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

நீங்க ஓர் அரசுத் துறையின் செயலாளர்னு வச்சுக்கோங்க. 30 வருஷ சர்வீஸ். அமைச்சர் கூப்பிட்டு ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்றார். அப்படி முடிவெடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கு. ஆனா இந்தத் திட்டம் பணத்தை வீணாக்கும்னு உங்க துறை போட்ட கணக்கே சொல்லுது. என்ன செய்வீங்க?

சட்டுனு மூணு பதில் தோணும். ஒண்ணு, “சரிங்க சார்”னு செஞ்சு முடிக்கிறது. ரெண்டு, ராஜினாமா. மூணு, பத்திரிகைக்குக் கசிய விடறது. முதல் பதிலைத்தான் நாம பொதுவா “நடுநிலை”ன்னு நினைச்சுக்கிறோம். அதாவது, யார் ஆட்சிக்கு வந்தாலும் வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கிறவர் நடுநிலையான அதிகாரி.

இது தப்புன்னுதான் இந்த எபிசோடில் சொல்லப் போறேன். நாலாவதா ஒரு பதில் இருக்கு. அதுக்குத் தேவை ஒரு காகிதம், ஒரு கையெழுத்து.

சென்னையில் வேலை இழந்த ஒருத்தர்

1854-ல் பிரிட்டனில் நார்த்கோட், ட்ரெவெல்யன்னு ரெண்டு பேர் ஓர் அறிக்கை கொடுத்தாங்க. சிபாரிசில் வேலை கொடுக்காதீங்க, போட்டித் தேர்வு வச்சு ஆள் எடுங்க, திறமை பார்த்துப் பதவி உயர்வு கொடுங்கன்னு சொன்னாங்க. ஆட்சி மாறினாலும் மாறாத அதிகாரிகள் என்ற நவீன அமைப்பின் அடித்தளம் இதுதான். நம்ம ஐசிஎஸ், அதன் வாரிசான ஐஏஎஸ் எல்லாம் இதே குடும்பம்.

அந்த சார்லஸ் ட்ரெவெல்யன் 1859-ல் சென்னை மாகாண கவர்னரா வந்தார். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சியில் உருவானதுதான். அப்போ கல்கத்தாவில் இருந்த அரசு வருமான வரி கொண்டு வந்தது. ட்ரெவெல்யனுக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிர்ப்பை எழுதினார். அதோட நிற்காம, அந்தக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். 1860-ல் லண்டன் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு.

கவர்னர் பதவியும் துறைச் செயலாளர் பதவியும் ஒண்ணு இல்லைதான். ஆனா சிக்கல் அதேதான். எதிர்ப்பை உள்ளேயே வச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாது. வெளியே போட்டா வேலை போகும், “இவர் அரசியல் பண்றார்”னு பேரும் வரும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேணும்.

பிரிட்டன் கண்டுபிடிச்ச வழி

பிரிட்டனில் ஒவ்வொரு துறையின் தலைமை அதிகாரிக்கும் ரெண்டு வேலை உண்டு. ஒண்ணு, அமைச்சருக்கு உதவறது. இன்னொண்ணு, துறை செலவழிக்கிற பணத்துக்கு நாடாளுமன்றத்திடம் நேரடியா பதில் சொல்றது. இந்த ரெண்டாவது பொறுப்பு அமைச்சருடையது இல்லை, அந்த அதிகாரியுடையது.

அதனால அமைச்சர் ஒரு செலவைச் செய்யச் சொல்லும்போது அதிகாரி நாலு விஷயம் பார்க்கணும். சட்டப்படி அனுமதி இருக்கா? முறையானதா? கொடுக்கிற காசுக்கு மதிப்பு இருக்கா? நடைமுறையில் சாத்தியமா? இதில் ஏதாவது ஒண்ணு இடிச்சா, “எனக்கு எழுத்துப்பூர்வ உத்தரவு வேணும்”னு அமைச்சரிடம் அவர் கேட்கணும். அமைச்சர் எழுதிக் கொடுத்துட்டா அதிகாரி செஞ்சுதான் ஆகணும். ஆனா பொறுப்பு இப்போ அமைச்சர் தோளுக்குப் போயிடுது. அந்தக் கடிதம் தலைமைத் தணிக்கையாளருக்கும், அவர் வழியா நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கும் போகும்.

இதில் அமைச்சரின் அதிகாரம் கொஞ்சமும் குறையலை. மக்கள் ஓட்டு போட்டது அவருக்குத்தான், கடைசி முடிவும் அவருடையதுதான். அதிகாரிக்கு வீட்டோ கிடையாது. “நான் எச்சரிச்சேன், அவர் கேட்கலை” என்பது பதிவாகும், அவ்வளவுதான்.

பெர்காவ் அணை

இந்தக் காகிதம் உண்மையிலேயே வேலை செய்யுமா? 1991-க்குப் போவோம்.

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் பெர்காவ் நீர்மின் அணை. அதுக்கு வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து 23.4 கோடி பவுண்டு தர பிரிட்டன் முடிவு பண்ணுச்சு. வாக்குக் கொடுத்தது அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர். பின்னணியில் ஆயுத விற்பனை இருந்தது. மலேசியா பிரிட்டனிடம் 100 கோடி பவுண்டுக்கு மேல் ஆயுதம் வாங்கும் பேச்சும், இந்த உதவியும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்தது.

உதவி நிதித் துறையின் தலைமை அதிகாரி டிம் லாங்கெஸ்டர். அந்தத் துறையின் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. எரிவாயுவில் மின்சாரம் எடுக்கிறதே மலிவு, அணை பொருளாதார ரீதியா மோசமான தேர்வுன்னு வந்தது. லாங்கெஸ்டர் பிப்ரவரியில் ஆட்சேபனையை எழுதினார். பணம் கொடுக்கணும்னா எனக்கு உத்தரவு வேணும்னு சொன்னார். ஜூலையில் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் எழுத்தில் உத்தரவு போட்டார். லாங்கெஸ்டர் பணத்தைக் கொடுத்தார். பேட்டி கொடுக்கலை, ராஜினாமா பண்ணலை.

கதை இங்கே முடிஞ்சிருந்தா “அப்போ என்ன பிரயோஜனம்?”னு நீங்க கேட்கலாம். ஆனா 1993-ல் தணிக்கை அலுவலகம் இதைத் தோண்டி அறிக்கை போட்டுச்சு. நாடாளுமன்றக் குழுக்கள் விசாரிச்சாங்க. ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டுச்சு. 1994 நவம்பரில் உயர் நீதிமன்றம், இந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானதுன்னு தீர்ப்பளிச்சது. வளர்ச்சிக்குன்னு சட்டம் ஒதுக்கின பணத்தை வளர்ச்சிக்கு உதவாத திட்டத்துக்குக் கொடுக்க முடியாதுங்கிறதுதான் சாரம். சொந்தத் துறையே “வேண்டாம்”னு எழுதி வச்சிருந்தது வழக்கில் முக்கியமான ஆதாரம். அணை நிற்கலை, பாக்கிப் பணத்தை அரசு வேற கணக்கிலிருந்து கொடுத்தது. ஆனா உதவி நிதியை வியாபாரத்தோட முடிச்சுப் போடுறது பெரிய விவாதமாச்சு. 2002-ல் வந்த புதுச் சட்டம், இந்த நிதியின் நோக்கம் வறுமை ஒழிப்புன்னு தெளிவா சொல்லிடுச்சு.

ருவாண்டா கடிதம்

இப்போ இந்தக் கடிதங்களை அரசே இணையத்தில் வெளியிடுது. 2022 ஏப்ரலில், படகில் வந்து தஞ்சம் கேட்கிறவங்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. உள்துறையின் தலைமை அதிகாரி மாத்யூ ரைக்ராஃப்ட் அமைச்சர் பிரீத்தி படேலுக்கு எழுதினது கவனிக்க வேண்டியது. “இது தோற்கும்”னு அவர் சொல்லலை. படகு வர்றதை இது தடுக்கலாம், ஆனா தடுக்கும்னு சொல்லப் போதுமான ஆதாரம் இப்போ இல்லை, அதனால காசுக்கு மதிப்பு இருக்குன்னு என்னால் உறுதி தர முடியாதுன்னார். படேல் உத்தரவு கொடுத்தார். ரைக்ராஃப்ட் செயல்படுத்தினார்.

அகதிகளை அனுப்பறது சரியா தப்பா என்ற விவாதத்துக்குள்ளேயே அவர் போகலை பாருங்க. அது அரசியல், அமைச்சரின் களம். ஆதாரம் இருக்கா இல்லையா என்பதில் மட்டும் நின்னார். இதைத்தான் நான் நடுநிலைன்னு சொல்றேன். 2024-ல் புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதுவரை 70 கோடி பவுண்டு செலவு, தானா முன்வந்து போனவங்க 4 பேர்னு அந்த அரசு கணக்குச் சொன்னது.

இந்தக் கடிதம் எப்போதும் சண்டைக்கு அடையாளம்னு நினைக்க வேண்டாம். கோவிட் காலத்தில் அவசரக் கடன் திட்டங்களுக்கு இப்படிப் பல உத்தரவுகள் போனது. ஆபத்து தெரிஞ்சே வேகம் முக்கியம்னு அமைச்சர்கள் முடிவெடுத்தாங்க. அது நியாயமான முடிவாகவும் இருக்கலாம்.

நம்ம ஊருக்கு வருவோம்

நான் மென்பொருள் எழுதுறவன். எங்க வேலையில் ரொம்பப் பழகின காட்சி ஒண்ணு. ராத்திரி மேனேஜர் ஃபோன் பண்ணி, “டெஸ்டிங் நாளைக்குப் பார்த்துக்கலாம், இப்போ ரிலீஸ் பண்ணிடு”ன்னு சொல்வார். காலையில் சிஸ்டம் படுத்திருக்கும். லாக் திறந்து பார்த்தா அதில் இருக்கிறது என் பேர் மட்டும்தான். ஃபோன் கால் எந்த லாக்லயும் இல்லை.

நம்ம அரசு அலுவலகங்களில் இதுக்குப் பேர் வாய்மொழி உத்தரவு. விதி இல்லாம இல்லை. அகில இந்தியப் பணிகளுக்கான 1968 நடத்தை விதிகள், மேலதிகாரியின் உத்தரவு பொதுவா எழுத்தில் இருக்கணும்னு சொல்லுது. வாயால் சொன்னா அதை எழுத்தில் உறுதி பண்ணும்படி கேட்கணும். கேட்டா அவர் கொடுத்தே ஆகணும்.

நடைமுறையில் நடக்காததால் ஒரு வழக்கு வந்தது. போட்டவர்களில் முன்னணியில் இருந்தவர், தஞ்சாவூர்க்காரரும் முன்னாள் கேபினட் செயலாளருமான டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன். 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிச்சது. அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை வச்சுச் செயல்படக் கூடாது, அதைப் பதிவு செய்யணும். ஓர் இடத்தில் குறைந்தபட்சப் பணிக்காலம் வேணும். இடமாற்றத்தைப் பரிந்துரைக்க வாரியம் வேணும். பதிவே இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மக்கள் எதைக் கேட்பாங்க என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

எழுத்தையும் பணிக்காலத்தையும் ஒரே தீர்ப்பில் சேர்த்தது காரணத்தோடதான். “எழுதிக் கொடுங்க சார்”னு கேட்டா மறுநாள் மாற்றல் ஆர்டர் வரும்னா யார் கேட்பாங்க? ஹரியானா ஐஏஎஸ் அதிகாரி அசோக் கெம்கா தன் பணிக்காலத்தில் 50 முறைக்கு மேல் மாற்றப்பட்டார். 2014-ல் மத்திய அரசு விதியைத் திருத்தி 2 ஆண்டு குறைந்தபட்சம்னு கொண்டு வந்தது. ஆனா வாரியம் பரிந்துரைச்சா அதுக்கு முன்னாடியும் மாற்றலாம்.

பிரிட்டனோட ஒப்பிட்டா நம்மிடம் இல்லாதது இன்னொண்ணு. அங்கே அந்தக் காகிதம் தானாகவே தணிக்கையாளரிடம் போகும். இங்கே கோப்புக்குள் தூங்கும், யாராவது மனு போட்டு எழுப்பணும்.

அடுத்த தடவை ஒரு திட்டம் ஊழலில் சிக்கினா, “அந்த அதிகாரி எந்தக் கட்சி ஆள்?”னு கேட்கிறதுக்கு முன்னாடி, “கோப்பில் அவர் என்ன எழுதினார், யார் கையெழுத்துப் போட்டாங்க?”னு கேட்டுப் பாருங்க. கோப்பில் ஒண்ணுமே இல்லைன்னா, அதைத்தான் முதல்ல விசாரிக்கணும்.

உங்க அலுவலகத்தில் வாய்மொழி உத்தரவு அனுபவம் இருந்தா, பேர் எதுவும் போடாம எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.