வலிக்காமலே கடிக்கும் பாம்பு, தெரியுமா?

பாம்பு கடித்த பிறகும் ஒருவர் அசையாமல் உறங்கிக்கொண்டே இருக்கலாம், தெரியுமா? கட்டுவிரியன் கடி அப்படித்தான்! வன்னியில் கொட்டிலுக்குள் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் அது தீண்டினால் வீக்கம் இராது, வலி இராது, பல் பட்ட இடம்கூடப் பல நேரம் தெரியாது. விடியப்புறம் வயிற்றைப் பிசைகிறது என்று எழும்புவார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் கசாயம் வைப்பதற்குள் கண்ணிமை சரியும். அடுத்தது மூச்சு! பாம்பைக் காணாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதைத் தடுப்பது எது? நுளம்பு வலை! வலைக்குள் உறங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று நேபாளத்தில் ஆய்வு செய்தே கண்டிருக்கிறார்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருக வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் வாலை நோக்கித் தெளிவாகும். விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்கோ கழுத்துப் பக்கம்தான் தெளிவு. தூரத்தில் நின்று பார்த்தால் போதும்! வயல் வரம்பில் மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கை வைப்பது பல நேரம் கண்ணாடி விரியன். முதுகில் சங்கிலிக் கண்ணிகள்போல மூன்று வரிசை வட்டங்கள் ஓடும். அது முட்டையிடாது, குட்டிதான் போடும்!

2012–13இல் இலங்கை முழுவதும் வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள்: ஓராண்டில் சுமார் 80,000 கடிகள், அவற்றில் விஷமேறியது ஏறத்தாழ 30,000 பேருக்கு, இறந்தவர்கள் 400க்கு மேல். அதாவது பாதிக்கு மேற்பட்ட கடிகளில் விஷமே ஏறவில்லை! விஷக்கல்லும் பார்வை பார்த்தலும் 'சுகப்படுத்தியது' பெரும்பாலும் இவர்களைத்தான். மற்றவர்களுக்கோ அதில் வீணாகும் ஒரு மணித்தியாலம் உயிர். கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கைகாலை அசைக்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை! ஆஸ்பத்திரியில் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் உடலில் ஏறியிருக்கிறது.

அங்கே ஏற்றும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. பாம்பு விஷத்தைக் கொண்டே அதைச் செய்யும் இந்திய மருந்து ஆலைகளுக்கு விஷம் கொடுப்பதில் முதன்மையானது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம். புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கிறவர்கள் கேட்டு மகிழலாம்: விஷம் எடுத்த பாம்பை இருளர்கள் கொல்வதில்லை, உயிரோடு திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்!