இத்தனூண்டு ட்ரோன் விமானத்தை என்ன செய்யும்?



கல்யாண வீட்டில் வீடியோ எடுக்க, வயலில் மருந்து அடிக்க என்று ட்ரோன் நம்ம ஊர்ப்பக்கமும் வந்துவிட்டது. மகளிர் குழுக்களுக்கே மானியத்தில் ட்ரோன் கொடுக்கும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தை மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிய ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "விமான நிலையம் பக்கத்துல விடக்கூடாதுங்கிறீங்களே, இத்தனூண்டு மிஷின் அவ்ளோ பெரிய விமானத்தை என்ன பண்ணிடும்?"

நியாயமான கேள்விதான். கனடா நாட்டில் 2017 அக்டோபர் 12 அன்று, கியூபெக் நகரில் தரையிறங்க வந்தது ஒரு சிறிய பயணிகள் விமானம். உள்ளே 8 பேர். இடது இறக்கைக்கு முன்னால், சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு ட்ரோனை விமானிகள் பார்த்தார்கள். விலகக்கூட நேரமில்லை, மோதிவிட்டது. நல்லவேளை, லேசான சேதத்தோடு பத்திரமாக இறங்கிவிட்டார்கள்.

பைக்கில் போகும்போது ஒரு வண்டு முகத்தில் அடித்தால் சுள்ளென்று வலிக்கிறதே, ஏன்? வண்டு சின்னதுதான், நம்ம வண்டியின் வேகம்தான் அப்படி அடிக்கிறது. விமானத்தின் வேகமோ பல மடங்கு. பறவை மோதினாலே விமானம் பழுதாகும். பறவையாவது வெறும் சதை, ட்ரோனில் இருக்கும் மோட்டாரும் பேட்டரியும் கெட்டியான பொருட்கள். 2018-ல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில், சுமார் 1 கிலோ எடையுள்ள ட்ரோனை ஒரு சிறு விமானத்தின் இறக்கைமேல் மணிக்கு 380 கி.மீ. வேகத்தில் ஏவிப் பார்த்தார்கள். ட்ரோன்தான் நொறுங்கும் என்று நினைப்போம். அது இறக்கையைக் கிழித்துக்கொண்டு உள்ளேயே போய்விட்டது!

மோதாவிட்டாலும் நஷ்டம்தான். 2018 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நேரத்தில், ட்ரோன் தெரிந்ததாகப் பலர் சொன்னதால் லண்டன் அருகே கேட்விக் விமான நிலையத்தை மூடினார்கள். சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர்.

நம் நாட்டில் 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான். அதற்கு அப்பால், தடை இல்லாத இடங்களில் 400 அடி. எங்கே தடை என்பதை அரசின் வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் காட்டியிருக்கிறார்கள்.

மருந்தடிக்கும் ட்ரோன் பயிருக்கு மேலே சில அடியில்தான் போகும். உயரே ஏறுவது கேமரா ட்ரோன்தான். அதனால் அடுத்த விசேஷத்துக்கு வீடியோக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன், மண்டபம் எந்த நிறத்தில் வருகிறது என்று கேளுங்கள். அவர் முழித்தால், வரைபடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.