கரையொதுங்கும் திமிங்கில உடல்களை அகற்றுதல்

கரையொதுங்கும் திமிங்கில உடல்களை அகற்றுதல் என்பது, இறந்து கரை சேர்ந்த அல்லது கரையில் சிக்கி இறந்த திமிங்கிலங்களை ஆய்வு செய்து அப்புறப்படுத்தும் பணியாகும். தமிழ்நாட்டில் இவ்வுடல்கள் பெரும்பாலும் கடற்கரையிலேயே புதைக்கப்படுகின்றன.

தூத்துக்குடி மாவட்ட நிகழ்வுகள்

2016 சனவரி 11 இரவு தொடங்கி, தூத்துக்குடி மாவட்டத்தின் ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் 80க்கும் மேற்பட்ட குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைப் படகுகளில் கட்டி இழுத்துச் சென்று ஆழமான நீரில் விட்டனர். ஆயினும் சில மீண்டும் கரைக்கே வந்தன. நெருங்கிய உறவுக் கூட்டங்களாக வாழும் இவ்வினம், கூட்டத்தில் ஒன்று சிக்கினாலும் அதனைவிட்டு எளிதில் விலகுவதில்லை. 40க்கும் மேற்பட்டவை இறந்தன. பொக்லைன் இயந்திரங்களால் குழி தோண்டி அவை புதைக்கப்பட்டன. இதே மாவட்டக் கரையில் 1973 சனவரியிலும் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியிருந்தன.

உடற்கூறாய்வும் காலமும்

திமிங்கிலத்தின் தடித்த கொழுப்புப் படலம் உடல் வெப்பத்தை வெளியேற விடுவதில்லை. எனவே வெளித்தோல் கெடாதது போலத் தோன்றும்போதே உள்ளுறுப்புகள் அழுகிவிடும். இறப்பின் காரணத்தை அறிய உதவும் உட்செவி, நுரையீரல் போன்றவற்றை விரைந்து எடுத்தாக வேண்டும். துர்நாற்றத்திற்கும் நோய்த்தொற்றுக்கும் அஞ்சி உடனே புதைத்துவிட்டால் சான்றும் உடன் புதைந்துவிடும். ஒரே நாளில் பல உடல்கள் ஒதுங்கும்போது இச்சிக்கல் மிகக் கடுமையாகிறது. உயிருள்ளவற்றைக் காப்பாற்றும் பணிக்கும் அதே ஆட்களே தேவைப்படுவர் என்பதையும் கருத வேண்டும்.

அழுகலால் உண்டாகும் வளிமங்கள் உடலை ஊதச் செய்கின்றன. 2004 சனவரியில் தைவானின் தைனான் நகரில், ஆய்வுக்காகச் சரக்குந்தில் கொண்டுசெல்லப்பட்ட ஓர் எண்ணெய்த் திமிங்கிலத்தின் உடல் தெருவிலேயே வெடித்தது.

பிற முறைகள்

உடலைக் கடலுக்குள் இழுத்துச் சென்று மூழ்கடிக்கலாம். ஆழ்கடலில் அது பல உயிரினங்களுக்கு நெடுங்காலம் உணவாகும். எடை கட்டாமல் விட்டால் அலை அதனை வேறோர் ஊரின் கரையில் சேர்த்துவிடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1970 நவம்பரில் ஏறத்தாழ அரை டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். சிதறிய கொழுப்புத் துண்டுகளுள் ஒன்று தொலைவில் நின்ற மகிழுந்தை நசுக்கியது. உடலின் பெரும்பகுதியோ இருந்த இடத்திலேயே கிடந்தது.

புதைக்கும் குழி உயர் அலைக்கோட்டிற்கு மேலே, போதிய ஆழத்தில் அமைதல் வேண்டும். ஆழம் குறைந்தால் அலையரிப்பில் உடல் வெளிப்படும், நாய்களும் தோண்டும்.

சட்டம்

இந்தியாவில் திமிங்கிலங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. ஆதலால் இறந்த உடலாயினும் அதன் எலும்பு, பல், அம்பர் ஆகியவற்றை எடுத்து விற்பது குற்றமாகும். உடலைக் காண்போர் வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.