தைல வண்ணம் வாங்கப் போகிறீர்களா?

பிள்ளை நன்றாகப் படம் வரைகிறான் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அடுத்த சம்பளத்தன்றே அப்பா இருபத்து நான்கு டியூப் அடங்கிய தைல வண்ணப் பெட்டியோடு வந்து நிற்பார். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் மிக மலிவான பெட்டிகள் பலவற்றில் எண்ணெயும் கலப்பு மாவும் அதிகம், நிறப்பொடி குறைவு. மூன்று முறை பூசினாலும் அடித்துணி தெரியும். பிள்ளையோ தன் கைதான் சரியில்லை என்று எண்ணித் தூரிகையைக் கீழே வைத்துவிடும். இதுதான் பெரிய நட்டம்.

தைல வண்ணத்தின் நுணுக்கங்களை ஒரு காலத்தில் குடும்ப இரகசியம்போல் காத்தார்கள். நம் லயத்து வீடுகளில் தொங்கிய லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு மூலம் வரைந்தவர் ராஜா ரவிவர்மா (1848–1906). இளம் வயதில் அவர் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனபோது, அங்கிருந்த மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தாராம். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாகச் சொல்லிக் கொடுத்தாராம். பிறகு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும், தாம் வரைவதை நின்று பார்க்க மட்டுமே விட்டார். அன்று மறைத்ததில் ஒரு பகுதி இன்று டியூபின் மேலேயே அச்சாகியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

டியூபைத் திருப்பிப் பாருங்கள். பிபி 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். பிடபிள்யூ 6 என்றால் டைட்டானிய வெள்ளை. இத்தகைய எண் ஒன்றே ஒன்று இருந்தால் கலக்கும்போது நிறம் தெளிவாக வரும். மூன்று நான்கு எண்கள் இருந்தால் சேறாகும். எண்ணே போடாத டியூபை நான் வாங்கச் சொல்லமாட்டேன். பெயரோடு ‘ஹ்யூ’ என்றிருந்தால் விலை உயர்ந்த பொடிக்குப் பதில் வேறு பொடி சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது மோசடியன்று, பழகுவோருக்கு அது போதும். ஆனால் அலிசரின் சிவப்பில் பிஆர் 83 என்றிருந்தால் விட்டுவிடுங்கள், வெளிறிவிடும். வான்கோ 1888-இல் வரைந்த படுக்கையறைச் சுவர் ஊதாவாக இருந்தது. அதிலிருந்த சிவப்பு வெளிறி இன்று நீலமாக நிற்கிறது. பாட்டியின் உருவப்படத்தில் குங்குமம் மங்கினால் மனம் பொறுக்குமா?

என்ன வாங்கலாம்? டைட்டானிய வெள்ளை, அல்ட்ராமரின், மஞ்சள் காவி, செங்காவி, பர்ன்ட் அம்பர், ஒரு பளிச்சென்ற மஞ்சள், ஒரு சிவப்பு. ஏழு டியூப் போதும். தோல் நிறம், இலைப்பச்சை எல்லாம் இவற்றிலேயே கலந்துவிடலாம். வின்டன், ஜார்ஜியன் போன்ற மாணவர் வகை தொடக்கத்திற்கு ஏற்றது. வெள்ளைதான் சீக்கிரம் தீரும். அதை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். இன்னொரு சங்கதி: காவி, அம்பர் போன்ற மண் நிறங்கள் உயர்ந்த வகையிலும் ‘சீரிஸ் 1’ என்ற குறைந்த விலையில் கிடைக்கும். கையில் நாலு வெள்ளி கூடுதலாக இருந்தால் அங்கே செலவிடுங்கள்.

சாலாக் செலாத்தானில் கம்யூட்டர் ஏறினால் கோலாலம்பூர் பழைய நிலையத்தில் இறங்கி, பசார் செனிக்கு நடந்தே போய்விடலாம். 1888-இல் சந்தையாகத் தொடங்கிய அவ்விடத்தில் இன்று ஓவியம் விற்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். எந்த வெள்ளை பூசுகிறீர்கள் என்று அவனே அவர்களிடம் கேட்கட்டும். வீட்டுக்கு அடிக்கும் சாயத்தை மட்டும் இதற்கு மாற்றாக வாங்கிவிட வேண்டாம்.

பலகை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்துதான் காய்கிறது. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். இல்லையேல் தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடி வையுங்கள். டர்பன்டைன் புட்டியைச் சமையல் அடுப்பின் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.