கட்டிலின் தலைமாட்டுப் பலகையும் நம் கைத்தறித் துணியும்

கட்டிலின் தலைமாட்டில் மரப்பலகை மட்டும் இருந்த காலம் போய், அதன்மேல் பஞ்சோ ஃபோமோ பரப்பித் துணி போர்த்தும் வழக்கம் சிற்றூர் வீடுகளிலும் பரவி வருகின்றது. இரவில் சாய்ந்து அமர்ந்து படிப்போருக்கும், குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாருக்கும், முதுகு வலியுள்ள முதியோருக்கும் இது சுகம் தருவதே. இதனை ஆடம்பரமென்று ஒதுக்கிவிடுவதை நாம் ஒப்பவில்லை. மேலே போர்த்தும் துணி நெசவாளியுடையது. உள்ளே இடும் பஞ்சும் நாரும் விவசாயியுடையவை. ஆகவே, வாங்குவோரும் உற்பத்தி செய்வோரும் அறிய வேண்டுவனவற்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முதலில் அளவு. பலகையின் அகலம் கட்டிலின் அகலமே. 5 அடிக் கட்டிலுக்கு 60 அங்குலம். உயரத்தைத் தரையிலிருந்து கணக்கிடுவோர் பலர், அது தவறு. மெத்தையின் மேற்பரப்பிலிருந்தே கணக்கிடுதல் வேண்டும். அமர்ந்தவரின் முதுகும் தோளும் சாய்வதற்கு, மெத்தைக்கு மேல் 24 முதல் 28 அங்குலம் வரை இருந்தால் போதும். அரை அங்குலக் கனமுள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட் பலகை இதற்கு ஏற்றது. மழைக் காலத்தில் வெளிச்சுவர் ஈரம் கசியுமாதலால், சுவருக்கும் பலகைக்கும் இடையே ஓரங்குல இடைவெளி விடுதல் நலம். இல்லாவிடில் பின்புறம் பூஞ்சை பிடிக்கும்.

உள்ளே இடுவது எது? கடைகளில் பெரும்பாலும் ஃபோமே இடுகின்றனர். மலிவான ஃபோம் விரைவில் அமுங்கிப் பொடிந்துவிடும். கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியுடையதைக் கேட்டு வாங்குதல் வேண்டும். இரண்டு அங்குலக் கனம் போதுமானது.

இலவம் பஞ்சை விரும்புவோர்க்கும் வழியுண்டு. போடிநாயக்கனூர்ப் பக்கத்து விவசாயிகள் கோடையில் காய் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் இப்பஞ்சின் இழை உள்ளே குழலாக இருப்பதால் மிக இலேசானது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீரை எளிதில் ஏற்காது. இலவு காத்த கிளியைப் பழமொழி கேலி செய்தாலும், மெத்தை தைப்பவருக்கு இலவு ஏமாற்றம் தருவதில்லை. ஆனால் நிமிர்ந்து நிற்கும் பலகையில் அதனைத் தலையணைபோல் அடைத்துவிட்டால், சில மாதங்களில் பஞ்சு முழுவதும் கீழே சரிந்து, மேற்பகுதி வெறும் துணியாகிவிடும். ஆதலின் காடாத் துணியில் நான்கு அங்குலச் சதுரங்களாகத் தையலிட்டு, ஒவ்வொன்றிலும் அளவாக அடைத்தல் வேண்டும். பலகையின்மேல் ரப்பர் கலந்த தென்னைநார்த் தகடு ஒன்றை அடியில் ஒட்டி, அதன்மேல் இப்பஞ்சுத் திண்டை வைத்தால் உறுதியும் மென்மையும் ஒருங்கே கிட்டும். பஞ்சில் கலப்படம் உண்டா என்பதை அறிய ஒரு பிடியை நீரில் அமுக்கிப் பாருங்கள். நல்ல இலவம் பஞ்சு மேலெழும்; பழைய மெத்தைப் பருத்தி கலந்திருந்தால் அது நனைந்து உள்ளேயே தங்கும்.

ஆங்காங்கே பித்தான் வைத்துக் குழி விழத் தைக்கும் பாணி பார்வைக்கு அழகியது. எனினும் நம் வீடுகளுக்கு அதனை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். அக்குழிகளிலும் மடிப்புகளிலும் தூசி தங்குவதோடு மூட்டைப்பூச்சியும் குடியேறும். குடியேறிய பின் விரட்டுவது எளிதன்று. அன்றியும், தலைக்கு எண்ணெய் தடவும் பழக்கமுள்ள நம் நாட்டில், பலகையோடு ஆணியடித்துவிட்ட துணியில் ஆறே மாதத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்துவிடும். தலையணைக்கு உறை போடுவதுபோல், மேலிருந்து மாட்டிப் பின்புறம் நாடாவால் கட்டும் உறையே சிறந்தது. உறையின் பின்பக்கத்திற்குக் காடாத் துணி போதும். இரண்டு உறைகள் இருந்தால் ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்று உதவும். நெசவாளிக்கும் இரட்டிப்பு விற்பனை.

உறைத் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துதல் அவசியம். கைத்தறிப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்குவது இயல்பு. ஒரு மீட்டர்த் துண்டைத் துவைத்து அளந்து பார்த்தால் எவ்வளவு சுருங்கும் என்பது தெரிந்துவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகின்றதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயம் ஒட்டும் துணியில் சாய்ந்து அமர்ந்தால் வேட்டியும் சட்டையும் கெடும். வாட் சாயமிட்ட நூலுக்கு விலை சற்று அதிகமாயினும், இவ்வுபயோகத்திற்கு அதுவே தக்கது.

நெசவில் கவனிக்க வேண்டியது, இழை நெருக்கம். இரட்டை முறுக்கு நூலில் நெருக்கமாக நெய்த துணி இழுவையைத் தாங்கும். நீண்ட இழைகள் மேலே மிதக்கும் சாட்டின் போன்ற நெசவுகளில் வளையலும் கொண்டை ஊசியும் மாட்டி இழை பிரியும். பவானி ஜமக்காளம் உறுதியானதே. ஆனால் அது தடித்ததாகையால் மூலைகளில் மடியாது. அதனைப் போர்த்துவதைவிட, பலகைக்கு முன்னால் ஒரு கோலில் தொங்கவிடுவது பொருந்தும்.

இனி, நெசவாளர் சங்கங்கள் முக்கியமாகக் கருத வேண்டிய விஷயத்திற்கு வருவோம். 60 அங்குல அகலமும் 28 அங்குல உயரமும் உள்ள பலகையைப் போர்த்தி ஆணியடிக்க, ஃபோமின் கனம் இரண்டு, பலகையின் கனம் அரை, பின்புறம் மடிக்க இரண்டு என ஒவ்வொரு பக்கமும் நாலரை அங்குலம் கூட்ட வேண்டும். ஆக, 69 அங்குலத்துக்கு 37 அங்குலத் துணி தேவை. 48 அங்குலப் பன்னாவுள்ள துணியை நிமிர்த்து வைத்தால் அகலம் போதாது. இரண்டு துண்டுகளை இணைத்தாக வேண்டும். நடுவில் தையல் வந்தால் பார்வைக்கு விகாரம். ஆகவே ஒரு துண்டை முழுதாக நடுவில் வைத்து, மற்றதை இரண்டாகக் கிழித்து இருபுறமும் சேர்ப்பர். அதற்குப் பதில் துணியைப் படுக்கை வாட்டில், பாவு பக்கவாட்டில் ஓடும்படி வைத்தால், சுருக்கத்துக்கும் சேர்த்து 2 மீட்டர்த் துணியில் தையலே இன்றி முடிந்துவிடும். தைப்பவர் பலரும் இதையே விரும்புகின்றனர்.

இங்கேதான் இடர் உண்டாகின்றது. நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்றில், வெளியூர் வியாபாரி ஒருவருக்கென நெய்த கோடு போட்ட துணி திரும்பி வந்து கிடங்கில் கிடந்தது. நெசவில் குற்றமில்லை, சாயத்திலும் குற்றமில்லை. கோடுகள் பாவில் அமைந்திருந்தமையால், படுக்கை வாட்டில் போர்த்தியபோது அவை குறுக்கே ஓடின. வியாபாரிக்கு வேண்டியதோ நெடுக்குக் கோடு. ஆர்டர்க் கடிதத்தில் ‘நெடுக்குக் கோடு’ என்றிருந்ததேயன்றி, எதற்கு நெடுக்கு என்று எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சரக்கு தேங்கியதால் சங்கத்தின் நடைமுறை முதலும் அதில் முடங்கியது. தீபாவளிக்கு முன் நெசவாளிகளுக்குக் கிடைக்க வேண்டிய கூலி தை மாதம்வரை தள்ளிப்போயிற்று.

படுக்கை வாட்டில் போர்த்தும் துணியில் நெடுக்குக் கோடு வேண்டுமாயின், வண்ணங்களை ஊடையில்தான் இடுதல் வேண்டும். அப்போது நாடாவை அடிக்கடி மாற்ற நேர்வதால் ஒரு நாளில் நெய்யும் நீளம் குறையும். பாவுக் கோட்டுத் துணிக்குரிய மீட்டர் கூலியையே இதற்கும் கொடுப்பது நெசவாளிக்கு நட்டம். நிர்வாகக் குழு மாதிரி நெய்து பார்த்து, தனிக் கூலி நிர்ணயித்த பின்னரே விலை கூறுதல் வேண்டும். கட்டத் துணியில் இத்தொல்லை இல்லை. எப்படித் திருப்பினும் கட்டம் கட்டமே. ஆயினும் அங்குலத்துக்கு விழும் ஊடை இழைகள் தறிக்குத் தறி மாறுமானால், ஒரு கட்டம் சதுரமாகவும் மற்றொன்று நீண்டும் அமைந்து, இரு துண்டுகளைச் சேர்க்கையில் பொருந்தாது போகும்.

பிரிட்டனுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளருக்கு நெய்து கொடுக்கும் சங்கங்கள் மற்றொன்றையும் விசாரித்துக்கொள்ளட்டும். அந்நாட்டில் 1988இல் மெத்தை தைத்த தட்டுமுட்டுகளுக்கு இயற்றப்பட்ட தீப்பாதுகாப்பு விதிகள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையும் உள்ளடக்கியவை. தீத்தடுப்புப் பூச்சு யார் செலவில், எவ்விடத்தில் செய்யப்படும் என்பது ஆர்டரை ஏற்கும் முன்பே எழுத்தில் இருத்தல் வேண்டும். உள்நாட்டு வீடுகளிலும், இலவம் பஞ்சு எளிதில் தீப்பற்றும். எரியும் ஃபோமின் புகையோ உயிருக்கே ஆபத்தானது. கொசுவர்த்திச் சுருளைத் தலைமாட்டில் வைப்பதும், மின் இணைப்புப் பெட்டியைப் பலகையால் மறைப்பதும் கூடா.

வாங்குவோர் 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கினால், விசைத்தறித் துணியைக் கைத்தறி விலைக்கு வாங்கி ஏமாற வேண்டியதில்லை. சங்கங்கள் துணியோடு ஒரு சிறு சீட்டு இணைத்து அதில் பன்னா எவ்வளவு, முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும், கோடு பாவிலா ஊடையிலா என்னும் மூன்றையும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பலாம். அதற்கான செலவு மீட்டருக்குச் சில காசுகளே ஆகும்.