திரைக்கு இந்தப் பக்கம்

வன்னியின் நலவாழ்வு – 11

சென்ற வாரம், நோயாளி வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் வழியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் மறுபக்கத்தைப் பார்ப்போம். வைத்தியருக்கும் மிஸி என்று நாம் அழைக்கும் தாதிக்கும் மிட்வைவ் எனப்படும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் புதிய அறிவு எந்த வழியாக வந்து சேருகிறது?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வன்னியிலுள்ள முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,600 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு நிலம், ஆறில் ஒரு பங்கு சனம். வன்னியின் சுகாதாரச் சிக்கலில் பாதி இந்தக் கணக்கிலேயே கிடக்கிறது. ஆட்கள் குறைவு என்பதால் உத்தியோகத்தர்களும் குறைவு. ஓட வேண்டிய தூரம் மட்டும் குறைவதில்லை.

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ கடமையாற்றும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பவதியின் வீடு, பிள்ளை பெற்று பத்து நாளான தாயின் வீடு, நிறை ஏறாத பிள்ளையின் வீடு என்று காட்டு விளிம்புப் பாதைகளில் யானைக்குப் பயந்து பயந்து அவர் ஓட வேண்டும். இவரைக் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்தால் போக ஒரு நாள், வர ஒரு நாள் எனப் பிரிவு ஐந்து நாள் ஆளில்லாமல் கிடக்கும். வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் அதையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நம் நாட்டின் பொதுச் சுகாதாரப் பயிற்சிக்கு வயது குறைவில்லை. 1926இலேயே களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, பயிற்சியும் அங்கிருந்தே வளர்ந்தது. ஆனால் களுத்துறைக்கும் கொழும்புக்கும் வன்னி என்றுமே தொலைவு. போரில் ஏ-9 வீதி பூட்டிக் கிடந்த காலங்களில் வன்னி வேறு நாடு போலவே இருந்தது.

2009 வரை வன்னியின் பெரும்பகுதியில் கைபேசிச் சேவையே இருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். யாழ்தேவி ரயில் மறுபடி கிளிநொச்சி வரை வந்தது 2013 செப்ரெம்பரில். இவ்வளவு பிந்தித் தொடங்கிய ஒரு நிலத்துக்கு 2020இல் கொரோனா வந்தது. ஊரடங்கில் கூட்டங்கள் நின்றன, பயிற்சிகள் எல்லாம் சூம் திரைக்கு மாறின. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களிலும், கைபேசியில் மிஞ்சியிருந்த சார்ஜை வைத்துக்கொண்டு வகுப்புக் கேட்டவர்கள் உண்டு. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் அந்த வகுப்புகளின் தரத்தைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

இணையவழிப் பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: தூரத்தில் ஒரு நிபுணர் ஆங்கிலத்தில் ஐம்பது படவில்லைகளை வாசிப்பார். இந்தப் பக்கம் நூறு பேர் மைக்கை மூடிவிட்டு இருப்பார்கள். கடைசியில் பத்துக் கேள்விகள், சரியான விடைக்குக் கோடு, பிறகு சான்றிதழ். பேசியவர் சொன்னது தவறல்ல. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரிந்தது எதுவும் அந்தப் பக்கம் போகவேயில்லை. ஏழைகளின் நோயைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். வன்னியில் எந்த வெளிநோயாளர் பிரிவிலும் காதில் விழும் முறைப்பாடு இது: “நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது டொக்டர். இரவில நித்திரை இல்லை. ஒரே யோசினை. உடம்பெல்லாம் உலைவு.” சொல்லி முடிக்கும்போது ஒரு பெருமூச்சு வரும். பத்து மணிக்குள் அறுபது பேரைப் பார்க்க வேண்டிய வைத்தியர் நோவுக்கு ஒரு குளிசை, வயிற்றெரிவுக்கு ஒரு குளிசை, விற்றமின் என்று எழுதிக் கொடுப்பார். அந்த அம்மா அடுத்த மாதமும் அதே வரிசையில் நிற்பார்.

யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் போர்க்காலத்திலேயே எழுதினார். நம் சனம் மனத்தின் வலியை உடலின் மொழியில் சொல்கிறது, அந்த மொழியைப் படித்துக்கொள்ளாத வைத்தியர் நோயைத் தவறவிடுவார் என்பதை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 1993இல் வந்த அவருடைய ‘மனவடு’ தமிழில் எழுதப்பட்ட நூல் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிராமத்தில் வேலை செய்பவர்களுக்கு உளநலப் பயிற்சி கொடுக்கக் கைந்நூல்களும் அந்த வட்டத்திலிருந்தே பிறந்தன.

உலக சுகாதார நிறுவனத்துக்கும் ஒரு கைந்நூல் உண்டு. உளமருத்துவர் அல்லாத வைத்தியரும் தாதியும் உளநோய்களைக் கண்டு சிகிச்சை கொடுப்பதற்கான வழிகாட்டி அது. எம்.எச்.காப் என்ற திட்டத்தின் கீழ் 2010இல் முதற்பதிப்பும் 2016இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. பிறகு கைபேசிச் செயலியாகவும் வந்தது. போருக்குப் பிறகு வட மாகாணத்தின் ஆரம்பநிலை வைத்தியர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இதை வைத்துப் பயிற்சி கொடுத்து, பலனை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நல்ல நூல். வாசித்தால் எவருக்கும் புரியும் ஒழுங்கு அதில் இருக்கிறது. இரண்டு கிழமையாக மனம் தாழ்ந்திருக்கிறதா, முன்பு விருப்பமாயிருந்தவற்றில் பிடிப்பு விட்டுப்போயிற்றா என்று கேட்கச் சொல்கிறது.

இங்கேதான் தமிழின் தேவை வருகிறது. அந்தக் கேள்வியை அகராதியை வைத்து மொழிபெயர்த்து, “உங்களுக்கு மனச்சோர்வு இருக்கா?” என்று விசுவமடுவில் ஒரு தாயிடம் கேட்டால், “அப்பிடி ஒண்டும் இல்லை” என்பார். “முந்தி விருப்பமாச் செய்த வேலையள் இப்ப வெறுத்துப்போச்சா? கோயிலுக்குப் போறனீங்களா? கோழியளைப் பாக்கிறனீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள், அழுகை வரும். அதன் பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்கும். உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கவும் அந்தக் கைந்நூல் சொல்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றும் சொல்கிறது. 1990களின் நடுப்பகுதியில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்த நாடு இது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததால்தான் அந்த எண்ணிக்கை பெருமளவு இறங்கியது. தோட்டம் செய்யும் வீடுகளில் மருந்துப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வன்னியில், இந்தக் கேள்வியை எந்தச் சொல்லால், எந்தக் குரலில் கேட்பது என்று ஒரு மிஸிக்குத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் அறிவு. படவில்லையில் அதைப் படிக்க முடியாது. வாயால் சொல்லிப் பார்த்து, அனுபவமுள்ள ஒருவர் திருத்தித்தான் படிக்க முடியும். அதையும் தமிழில்தான் செய்ய முடியும்.

அப்படியானால் இணையம் உதவாதா? உதவும். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலமும் வன்னியைப் போல நிலம் பெரிது, சனம் ஐதானது, ஏழைகள் அதிகம். சஞ்சீவ் அரோரா என்ற ஈரல் மருத்துவர் அங்கே தம்மிடம் வர மாதக்கணக்கில் காத்திருந்த ஹெப்பற்றைற்றிஸ் சி நோயாளிகளைப் பார்த்துப் பொறுக்காமல் 2003இல் ஒரு வேலை செய்தார். நோயாளிகளை அழைப்பதற்குப் பதிலாக ஊர் வைத்தியர்களைக் கிழமைக்கு ஒருமுறை திரைக்கு அழைத்தார். ‘எக்கோ’ என்று பெயர். அதில் முதலில் பேசுகிறவர் ஊர் வைத்தியர். தம் நோயாளி ஒருவரின் கதையைப் பெயர் சொல்லாமல் அவர் வைப்பார். மற்ற ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள். நிபுணர் அதற்குப் பிறகுதான் ஆலோசனை சொல்வார். பாடம் ஒரு கால் மணித்தியாலம் இருந்தால் பெரிது. 407 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளிவந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் நூற்றுக்கு 57.5. ஊர் வைத்தியர்களிடமும் சிறைச்சாலை வைத்தியர்களிடமும் குணமானவர்கள் நூற்றுக்கு 58.2. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இதே முறையில் இந்தியாவின் பின்தங்கிய மாநிலங்களின் மருத்துவர்களுக்கு உளநலம் கற்பித்து வருகிறது. இங்கிலாந்தில் பேராசிரியர் ரிச்சர்ட் ஹெலர் தொடங்கிய ‘பீப்பிள்ஸ்-யூனி’ தன்னார்வ ஆசிரியர்களை வைத்து, வளர்முக நாட்டுப் பணியாளர்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் பொதுச் சுகாதாரம் கற்பித்தது. ஆக வழி இருக்கிறது. அதை நம் முறைக்கும் மொழிக்கும் கொண்டுவருவதுதான் மிச்சம்.

ஊர்ப் பணியாளர் முதலில் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீரிழிவு கிளினிக்குக்கு ஒரு பெண் மூன்று மாதம் வரவில்லை என்று வைப்போம். தூரத்து நிபுணர் இதை ‘சிகிச்சையில் அக்கறையின்மை’ என்று எழுதுவார். அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போன மிட்வைவுக்குக் காரணம் தெரியும். கிளினிக் நாளில்தான் குழுக்கடன் அறவிட ஆள் வருகிறார். வீட்டில் இல்லாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டி வரும். நுண்கடன் வன்னிப் பெண்களை எந்த அளவுக்கு நெருக்கியது என்பதற்கு அரசின் நடவடிக்கையே சான்று. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. கிளினிக் நாளை மாற்றினால் அந்தப் பெண் வருவார். இந்தத் தீர்வு எந்தப் பாடநூலிலும் இல்லை. மிட்வைவ் அக்காவைப் பேச விட்டால்தான் வெளியே வரும்.

வைத்தியத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று இப்போதும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே மானிப்பாயில் அதற்கு விடை சொல்லப்பட்டுவிட்டது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் படித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவதைக் கண்டு தமிழுக்கு மாறினார். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று நூல்களை ஒவ்வொன்றாகத் தமிழில் கொண்டுவந்தார். உடல்நலம் கெட்டு 1873இல் ஊர் திரும்பிய பிறகும் நிறுத்தவில்லை. ‘கெமிஸ்தம்’ 1875இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. மசாச்சுசெட்சில் இருந்துகொண்டு, தபாலும் கப்பலும் மட்டுமே இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மாணவனுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். தூரத்திலிருந்து கற்பிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு அவரைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தொடர்ந்து கற்காவிட்டால் மறதியும் ஓர் ஆபத்து. ஒரு காலத்தில் வன்னி என்றாலே மலேரியா. 1999இல்கூட நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வந்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு இங்கேயே தொற்றிய மலேரியா இல்லாமல் போய், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. இன்று சேவைக்கு வரும் இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. நுளம்பு இன்னும் இருக்கிறது. வெளிநாடு போய்த் திரும்புகிறவரின் காய்ச்சலில் மலேரியாவை நினைக்கத் தவறினால் பழைய கதை திரும்பலாம். இதற்கு வருடத்துக்கு இருமுறை, அரை மணித்தியாலம், திரையில் நினைவூட்டினால் போதும். வவுனியாவில் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் அப்படியல்ல. அங்கே நிபுணருக்கே முழு விடை தெரியாது. எந்தக் கிணற்றுத் தண்ணீர், எந்த வயலில் வேலை, எத்தனை மணித்தியாலம் வெயில் என்று ஊர்ப் பணியாளர் சேர்க்கும் தகவலில் இருந்துதான் விடையே வர வேண்டும்.

சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இணையவழி வகுப்பைக் கடமை நேரமாகக் கணக்கிடுங்கள். இரவு எட்டு மணிக்கு, பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே கேட்கும் வகுப்பு யாருக்கும் பயன்படாது. ரீலோட் காசை உத்தியோகத்தர் தம் கையிலிருந்து போடும் நிலையை நிறுத்துங்கள். சிக்னல் இல்லாத இடத்தவருக்காகக் குரல் பதிவாகவும் பாடத்தைக் கொடுங்கள்.

மற்றது உங்களிடம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்து இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வைத்தியர்களாக, தாதிகளாக, உளவளத்துணையாளர்களாக இருக்கிற வாசகர்களே, பணம் அனுப்பியிருக்கிறீர்கள், கருவிகள் அனுப்பியிருக்கிறீர்கள், வன்னி அதை மறக்கவில்லை. இப்போது கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தாருங்கள். வன்னியில் பிற்பகல் இரண்டு மணி என்றால் இலண்டனில் காலை எட்டரை, கோடையில் ஒன்பதரை. தமிழில் பேசுங்கள். படவில்லைகளைத் திறக்க முன்னர், மாந்தை கிழக்கிலிருந்து வந்திருக்கும் மிஸியிடம் இந்தக் கிழமை அவர் பார்த்த நோயாளியைப் பற்றிக் கேளுங்கள்.

(தொடரும்)